காம்போதி சாரமதி ஆன கதை

போன வாரம் நைட் டியூட்டி. மணி மூணு இருக்கும். வார்டு வராண்டாவுல துணைக்கு வந்திருந்த ஒரு பாட்டி, பேரனைத் தட்டிக்கிட்டே 'பாடறியேன் படிப்பறியேன்' முணுமுணுத்துட்டு இருந்தாங்க. அந்தப் பாட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய சண்டை இருக்கு. அதான் இந்த த்ரெட்.

1985. கே.பாலசந்தரின் 'சிந்து பைரவி'. பெரிய வித்வான் ஜே.கே.பி. (சிவகுமார்) மேடையில தெலுங்குக் கீர்த்தனையா பாடுறார். ஜனங்களுக்குப் புரியுற தமிழ்ல பாடக்கூடாதான்னு சிந்து (சுஹாசினி) எழுந்து கேட்கிறா. நீயே பாடேன்னு சவால் வருது. அவ பாடுறது இதுதான். வைரமுத்து வரிகள், சித்ரா குரல். நாட்டுப்புற மெட்டுல ஆரம்பிச்சு, சுரங்கள்ல ஏறி, கடைசியில தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில போய்ச் சேரும்.

சிக்கல் அங்கதான். அந்தக் கீர்த்தனை காம்போதி. இளையராஜா போட்டது சாரமதி!

கர்நாடக சங்கீதத்துல ஆலாபனை, நிரவல், கல்பனாசுரம்னு பாடுறவருக்கு எவ்வளவோ சுதந்திரம் உண்டு. ஆனா கீர்த்தனையோட ராகத்தை இஷ்டத்துக்கு மாத்த மாட்டாங்க. அதுவும் தியாகராஜர் கீர்த்தனையை!

காம்போதி, 28-வது மேளமான ஹரிகாம்போதியில் பிறந்தது. சாரமதி, 20-வது மேளமான நடபைரவியில். இந்த ரெண்டு மேளத்துக்கும் வித்தியாசம் ரெண்டே சுரம். காந்தாரமும் தைவதமும் அரை சுரம் இறங்கும். கீபோர்டுல பக்கத்துக் கட்டை, அவ்வளவுதான். ஆனா கம்பீரம் போய் உருக்கம் வந்துடும். (டோஸ் அரை மில்லி மாறினா என்ன ஆகும்னு எங்களைக் கேளுங்க.)

ஏன் மாத்தினார்? என் புரிதல் இது. சிந்துவோட மெட்டு சாரமதி. ரெண்டும் ஒண்ணுதான்னு காட்டணும்னா ஒண்ணு இடம் மாறியாகணும். ராஜா கீர்த்தனையை நகர்த்தினார், நாட்டுப்புறப் பாட்டை இல்ல. அன்னைக்கு மதுரை மாவட்டமா இருந்த பண்ணைப்புரத்துல பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜன் கச்சேரிகளோட ஊர் ஊரா சுத்தினவர் வேற எதை நகர்த்துவார்?

எதிர்ப்பு பலமா வந்தது. தியாகராஜரை மாத்த நீ யாருங்கிற கேள்வி. அதை நான் சின்னதா நினைக்கல. ஒரு மரபு தலைமுறை தலைமுறையா தாங்கி வந்த ஒழுங்கு அது. ஆனா சாரமதியும் அந்நியம் இல்ல, தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா' அதே ராகம்தான்.

அதே படத்துல 'கலைவாணியே' இன்னொரு வம்பு: கல்யாணி ராகம், முழுக்க ஆரோகணம் மட்டுமே. அதுக்குத் தனி த்ரெட் போடணும்.

இந்தப் படத்துக்கு ராஜாவுக்கும் தேசிய விருது, இந்தப் பாட்டுக்குச் சித்ராவுக்கும் தேசிய விருது. அவங்களுக்கு அது முதல் தடவை.

"கடைசியில தெலுங்கு வருமே, அது தெரியுமா பாட்டி?"ன்னு கேட்டேன். "அதுவும் வரும் சாமி"ன்னு சொல்லிட்டு, அவங்களுக்கு வந்த உச்சரிப்புல பாடிக் காட்டினாங்க. பேரன் தூங்கிட்டான்.