கையாடலும் கையெழுத்தும்: நீதிமன்றப் பணத்துக்கு யார் பொறுப்பு?

'கையாடல்' என்னும் சொல் குற்றத்தைக் கையில் கொண்டுபோய் வைக்கிறது. பணத்தைத் தொட்டவர் எவரோ அவரே குற்றவாளி. நீதிமன்ற ஊழியர்கள் பொதுப்பணத்தில் கைவைத்த வழக்குகளில் சட்டமும் பெரும்பாலும் இந்தச் சொல் காட்டும் திசையில்தான் நடக்கிறது. ஆனால் நீதிமன்றப் பணத்தின் பாதையில் வாங்கும் கை ஒன்றும் கையெழுத்திடும் கை ஒன்றும் உண்டு. வங்கிக்குப் போய்ச் சேராத பணத்துக்கும், வங்கியிலிருந்தோ கருவூலத்திலிருந்தோ வெளியே வந்த பணத்துக்கும் ஒரே ஊழியரை ஒரே அளவுகோலால் பொறுப்பாக்குவது பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்குப் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு மரபையும், உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் வருங்கால வைப்பு நிதி விவகாரத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன்.

இந்த விஷயத்தில் பிலிப்பைன்ஸ் அளவுக்குக் கறாரான விதிகளும் தீர்ப்புகளும் குவிந்த நாடு அரிது. அங்கே நீதிமன்ற எழுத்தர் என்பவர் கோப்புகளைப் பாதுகாப்பவர் மட்டுமல்லர். கட்டணம் வசூலிப்பவர், ஜாமீன் தொகையை வாங்கி வைப்பவர், கணக்கர் எல்லாம் அவரே. வசூலாகும் பணம் பல நிதிகளாகப் பிரிகிறது. 1984-இல் ஒரு குடியரசுத் தலைவர் ஆணையால் பிறந்த நீதித்துறை மேம்பாட்டு நிதியில் 80 விழுக்காடு நீதித்துறைப் பணியாளர்களின் வாழ்க்கைச் செலவுப் படிக்கும், 20 விழுக்காடு அலுவலகக் கருவிகளுக்கும் வசதிகளுக்கும் போகிறது. ஆக, இந்த நிதியிலிருந்து எடுக்கும் எழுத்தர் பக்கத்து மேசைக்காரரின் படியையே எடுக்கிறார். ஜாமீன் தொகையும் வாடகை வைப்பும் சேரும் காப்பு நிதியோ வழக்காடிகளின் சொந்தப் பணம். நீதிமன்றம் அதற்கு வெறும் காவல். அதை வாங்கிய 24 மணி நேரத்துக்குள் லேண்ட் பேங்கில் செலுத்த வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டு 50-ஆம் எண் சுற்றறிக்கை.

நம் அலுவலகங்களில் இதற்கு நேர்மாறான ஒரு மனப்பழக்கம் உண்டு. "கைமாற்றாகத்தான் எடுத்தேன், சம்பளம் வந்ததும் கட்டிவிடுவேன்" என்பார்கள். கேட்பவர்களும் பாதி மன்னித்துவிடுவார்கள். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை. கணக்கில் குறைந்த தொகையை முழுதும் கட்டிய பிறகும் துறைரீதியான பொறுப்பு தீராது என்று அது திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. வீட்டில் நோய், வேலைப்பளு, வங்கி தொலைவு போன்ற காரணங்கள் பெரும்பாலும் எடுபட்டதில்லை. தாமதமாகச் செலுத்திய பணம் அத்தனை நாளும் வங்கியில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியையும் ஊழியரிடமிருந்து வசூலிக்க உத்தரவிடுவது அதன் வழக்கம். அந்தத் தீர்ப்புகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். அசலைத் திருப்பிவிட்டால் நட்டம் இல்லை என்னும் வாதத்தை அது அறநெறி பேசி மறுக்கவில்லை, கணக்குப் போட்டு மறுக்கிறது.

நம் சட்டத்துக்கும் இது புதிதல்ல. சிறிது காலத்துக்கு மட்டும் பிறர் பொருளை நேர்மையின்றித் தன்வயப்படுத்துவதும் குற்றமே என்று 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு விளக்கம் சொன்னது. பிறருடைய அரசுக் கடன் பத்திரத்தைக் கண்டெடுத்து, பின்னால் திருப்பித் தரும் எண்ணத்துடனேயே அடகு வைப்பவரை அது எடுத்துக்காட்டாகத் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இந்த விளக்கத்தை விடவில்லை. விதி நூற்றறுபது ஆண்டுகளாக இருக்கிறது; வட்டியைக் கணக்கிட்டு வாங்கும் வழக்கம்தான் வேரூன்றவில்லை.

மெய்ப்பிக்கும் சுமைக்கு வருவோம். கேட்டபோது பொதுப்பணத்தைக் காட்ட முடியாவிட்டால், அதைச் சொந்தத்துக்குப் பயன்படுத்தியதாக முதல்நோக்கில் கொள்ளலாம் என்கிறது பிலிப்பைன்ஸ் தண்டனைச் சட்டத்தின் 217-ஆம் பிரிவு. கவனக்குறைவால் பிறர் எடுக்க விட்டதையும் அதே பிரிவு தண்டிக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 1960-இல் ஜெய்கிருஷ்ணதாஸ் வழக்கில் சற்று நிதானமாக நின்றது. கணக்குக் காட்டத் தவறியதொன்றே எல்லா வழக்கிலும் தண்டனைக்குப் போதாது. ஆனால் ஒப்படைப்பு நிறுவப்பட்ட பின் விளக்கம் தர முடியாமலோ பொய் விளக்கம் தந்தோ நின்றால், நேர்மையற்ற நோக்கத்தை ஊகிக்கலாம் என்றது. பணம் வங்கிக்குப் போகாத வழக்குகளில் இந்த ஊகம் நியாயமானது என்றே கருதுகிறேன். ரசீதை எழுதியவரும் அவரே, ரொக்கப் புத்தகத்தை வைத்திருந்தவரும் அவரே. உண்மை வேறெங்கும் இல்லை.

காசியாபாத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது வேறு வகை. அங்கே வசூல் வழியில் நிற்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தின் மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதி என்ற பெயரில், ஊழியரே அல்லாதவர்களுக்கும் கருவூலத்திலிருந்து பல ஆண்டுகள் பணம் போனது என்பது குற்றச்சாட்டு. 2008-இல் அதை வெளிக்கொணர்ந்தவரும் நீதித்துறைக்குள்ளேயே கண்காணிப்புப் பொறுப்பில் இருந்த ஒரு நீதிபதிதான். அவ்வாண்டே விசாரணை சிபிஐக்குப் போனது. பண விவகாரங்களைக் கவனித்த 'நாசர்' என்னும் பதவியிலிருந்த ஊழியர் முதன்மைக் குற்றவாளியாகக் காட்டப்பட்டார். நீதிபதிகள் சிலருக்கும் பயன் போனதாக வாக்குமூலம் தந்தார். 2009-இல் தஸ்னா சிறையில் விசாரணைக் கைதியாகவே இறந்தார். பின்னர் சிபிஐ தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் பெயர்களும் இருந்தன. அவர்களுடைய குற்றம் இங்கே என் கேள்வியன்று. எந்த நாசரும் தன் கையெழுத்தை மட்டும் வைத்துக் கருவூலத்தைத் திறக்க முடியாது. மேலே ஒப்புதல் இருந்தாக வேண்டும்.

பிலிப்பைன்ஸ் விதியிலும் இந்த இரட்டைக் கையெழுத்து உண்டு. காப்பு நிதியை எடுக்க எழுத்தரோடு நீதிபதியும் கையெழுத்திட வேண்டும். அப்படியிருந்தும், மேற்பார்வையில் தவறிய நீதிபதிக்கு அபராதம் விதிக்கும் தீர்ப்புகள் இருந்தாலும், பணிநீக்கத்தின் முழுச் சுமையும் ஓய்வூதியப் பலன்களின் இழப்பும் எழுத்தர் தலையில்தான் விழுகின்றன. வசூல் வழியிலேயே மறைந்த பணத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வு பொருந்தும். அங்கே நீதிபதியின் தவறு ரொக்கப் புத்தகத்தைப் பார்க்காமல் விட்டது. வெளியே வந்த பணத்துக்கு அது பொருந்தாது. அங்கே அவர் செய்யத் தவறியவராக இல்லை, செய்தவராக இருக்கிறார். காட்ட முடியாத பணத்துக்கு எழுத்தர்மீது ஊகம் எழுவதுபோல, போலிப் பெயருக்குப் போன பணத்துக்கு ஒப்பமிட்டவர்மீதும் மறுக்கத்தக்க ஓர் ஊகம் துறை விசாரணை அளவிலாவது எழ வேண்டும். குற்ற வழக்கில் அதைக் கேட்க நான் துணியவில்லை. நோக்கம் அங்கே தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

ஒரு நாளில் எத்தனையோ தாள்களில் கையெழுத்திடும் நீதிபதி ஒவ்வொன்றையும் துருவ முடியுமா என்பார்கள். முடியாதுதான். ஆனால் பட்டியலிலுள்ள பெயர்கள் ஊழியர் பதிவேட்டில் உள்ளனவா என்று ஒத்துப்பார்க்க சட்ட ஞானமோ நாள் கணக்கில் நேரமோ வேண்டியதில்லை. நீதித்துறைச் சுதந்திரமும் இங்கே குறுக்கே நிற்காது. செலவுச் சீட்டில் இடும் ஒப்பம் தீர்ப்பன்று. உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களின் கட்டுப்பாட்டை இந்திய அரசமைப்பின் 235-ஆம் கூறு உயர் நீதிமன்றத்திடம் தருகிறது. பிலிப்பைன்ஸ் அரசமைப்பு எல்லா நீதிமன்றங்களையும் பணியாளர்களையும் உச்ச நீதிமன்றத்தின் நிர்வாக மேற்பார்வையில் வைக்கிறது. ஆய்வு செய்பவர், குற்றம் சாட்டுபவர், தண்டிப்பவர் மூவரும் ஒரே குடையின் கீழ். அந்தக் குடைக்குள் எழுத்தரை விசாரிப்பது எளிது. நீதிபதியை விசாரிப்பது சகாவை விசாரிப்பது. காசியாபாத்தில் வெளி அமைப்பு ஒன்றை அழைக்க நேர்ந்ததும், பிலிப்பைன்ஸ் தீர்ப்புத் தொகுப்புகளில் எழுத்தர்களின் பெயர்களே வரிசையாக நிற்பதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.