மூளைச் சத்திர சிகிச்சையும் குருதிக்கலன் படமும்

மண்டையோட்டைத் திறவாமலே அதனுள் வளரும் கட்டியின் இடத்தை அறிதல் எங்ஙனம் என்பது வைத்திய உலகை நெடுங்காலம் வருத்திய வினாவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வைத்தியர்கள் கைகால் தளர்ச்சி, பார்வைக் குறைவு, பேச்சுத் தடுமாற்றம் ஆகிய குறிகளைக் கொண்டே அதனை உய்த்துணர்ந்தனர். 1895 இல் றொண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர்கள் என்பைத் தெளிவுறக் காட்டினவேயன்றி மூளையைக் காட்டவில்லை. 1918 இல் அமெரிக்கரான வோல்டர் டாண்டி மூளையறைகளுட் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். குருதிக்கலன்களையே படத்திற் புலப்படுத்தியவர் போர்த்துக்கல் நாட்டு நரம்பியலறிஞர் எகாஸ் மொனிஸ் ஆவர்.

எக்ஸ் கதிர் எளிதில் ஊடுருவாத கரைசலைக் கழுத்து நாடியிற் செலுத்துவதே அவர் முறை. முதலிற் கையாண்ட கரைசலால் ஒரு நோயாளி உயிர்துறந்தார். பின்னர் சோடியம் அயடைட்டைக் கொண்டு, 1927 யூன் 28 இல், லிஸ்பன் நகரில் அவர் வெற்றி கண்டார். கீல்வாதத்தால் மொனிஸின் கைகள் பழுதுற்றிருந்தமையின், சத்திரவேலையை உதவியாளர் அல்மெய்டா லிமா செய்தார். கபச் சுரப்பிக் கட்டியொன்றினால் நாடிகள் இடம் பெயர்ந்திருந்தமையை அப்படம் காட்டிற்று.

இச்சாதனையின் பெருமையை ஒப்புக்கொள்ளும் நாம் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். படத்திற் றோன்றுவது கலனுள் ஓடும் கரைசலின் நிழலேயாம். குருதியோட்டம் குறைந்த கட்டி அதிற் றோன்றாது. அயற் கலன்களின் விலகலைக் கொண்டே அதனை ஊகித்தல் வேண்டும். மேலும், மூளையின் ஆழத்திற் புகும் நுண்ணிய கிளைகள் பல ஒரு மில்லிமீற்றரினுங் குறைந்த பருமனுடையன. தட்டையான படத்தில் அவை மறைந்தோ ஒன்றன்மேலொன்று படிந்தோ போதல் இயல்பு. அவற்றுள் ஒன்று அறுபடினும் நோயாளியின் மறுபக்கக் கைகால்கள் செயலற்றுப் போகலாம். 1930களிற் பரவிய தோரியக் கரைசல் தெளிவான படத்தை அளித்ததாயினும், ஈரலிற் றங்கிப் பல்லாண்டுகளின் பின் புற்றுநோயை விளைவித்தது.

இவையனைத்தினும் பெரிய இடர் வேறொன்றுண்டு. படம் எடுக்கப்படுவது மண்டையோடு மூடியுள்ளபோது. அதனைத் திறந்து, மூளையைச் சூழ்ந்த நீரை வடித்து, கட்டியின் ஒரு பகுதியை அகற்றியதும் மூளை தாழ்ந்து இடம்பெயர்கின்றது. கலன்களும் உடன் பெயர்கின்றன. ஆகவே, காலையில் உண்மையாயிருந்த படம் நண்பகலிற் பொய்யாகிவிடக்கூடும்.

1971 இல் ஹவுன்ஸ்பீல்டின் கணினிக் கருவி இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அதன்பின் காந்தவலுப் படமும் வந்தது. கட்டியையே நேரிற் காணும் வாய்ப்பு இவற்றாற் கிடைத்தது. இடப்பெயர்ச்சி என்னும் இடர் நீங்கவில்லை. அதனாலன்றோ 1990களில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், சத்திர சிகிச்சை நடைபெறும்போதே படம் பிடிக்கத்தக்க காந்தக் கருவி அமைக்கப்பட்டது.

வரலாறு கற்கும் மாணவர்க்கு இதன்கண் ஒரு படிப்பினையுண்டு. சாசனமொன்று கூறாமையால் ஒரு நிகழ்ச்சி நடந்திலது எனத் துணிதல் தவறு. அங்ஙனமே, படத்திற் காணப்படாமையால் ஒரு கலன் ஆங்கில்லை எனத் துணிதலும் தவறாம். வரலாற்றாசிரியனின் பிழை மறுபதிப்பிற் றிருத்தப்படலாம். சத்திர வைத்தியனின் பிழையோ ஒருவனுடைய பேச்சையும் நடையையும் என்றென்றைக்குமாகக் கவர்ந்துவிடும்.