தாக்கக் காரணி

தாக்கக் காரணி என்பது ஓர் ஆய்விதழில் வெளியான கட்டுரைகள் பிற ஆய்வுக் கட்டுரைகளில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் எண் ஆகும். ஆய்விதழ்களின் செல்வாக்கை ஒப்பிட இது பயன்படுகிறது.

வரலாறு

அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயன்ஸ் இதழில் மேற்கோள் அட்டவணை பற்றிய கருத்தை முன்வைத்தார். பிலடெல்பியாவில் அவர் நிறுவிய அறிவியல் தகவல் நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. 1975 முதல் தாக்கக் காரணிகள் தனி அறிக்கையாக வெளிவருகின்றன. 2016 முதல் கிளாரிவேட் நிறுவனம் இதனை வெளியிட்டு வருகிறது.

கணக்கிடும் முறை

ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், கணக்கிடப்படும் ஆண்டில் பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கப்படும். 100 கட்டுரைகள் 150 மேற்கோள்களைப் பெற்றிருப்பின் தாக்கக் காரணி 1.5 ஆகும்.

மானாவாரி வேளாண் ஆய்வும் தாக்கக் காரணியும்

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. தற்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. பருத்தி, சோளம், பயறு வகைகள் முதலிய கரிசல் நிலப் பயிர்கள் இங்கு ஆராயப்படுகின்றன. இங்கு உருவான பயிர் இரகங்கள் 'கே' என்னும் எழுத்தைப் பெயரில் கொண்டுள்ளன. கே 11 பருத்தி இதற்கு எடுத்துக்காட்டு.

கரிசல் மானாவாரியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆண்டுக்கு ஒரு முறையே பெரும்பாலும் பயிரிடப்படுகிறது. எனவே ஒரு சோதனையை உறுதி செய்யவே சில ஆண்டுகள் ஆகும். அதனைப் பின்பற்றும் ஆய்வுகளின் மேற்கோள்கள் இரண்டாண்டு வரம்பு கடந்த பின்னரே வருதல் இயல்பு. உழவர் ஒரு புதிய இரகத்தை விதைப்பது எந்த மேற்கோள் கணக்கிலும் சேர்வதில்லை.

ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் கோயில்பட்டி, கோவில்பட்டி என இரு வகையாக எழுதப்படுவதாலும், தமிழர் பெயர்களில் தலைப்பெழுத்து இடம் மாறுவதாலும் ஒரே நிலையத்தின் அல்லது ஒரே ஆய்வாளரின் பணி தரவுத்தளங்களில் சிதறக்கூடும்.

விமர்சனங்களும் மாற்று முறைகளும்

பன்னாட்டு அட்டவணைகளில் இந்திய இதழ்கள் குறைவாகவே இடம்பெற்றுள்ளன. இந்திய வேளாண் அறிவியல் தேசியக் கழகம், தாக்கக் காரணி இல்லாத இதழ்களுக்கும் தர மதிப்பெண் வழங்கி வந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் வெளியிட்ட கேர் பட்டியலை 2025இல் கைவிட்டது.

தனி ஆய்வாளரின் பணி நியமனத்திற்கும் பதவி உயர்விற்கும் இதழின் தாக்கக் காரணியை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிவிப்பு வலியுறுத்துகிறது. தாக்கக் காரணி இதழின் சராசரியையே காட்டும். ஒரு தனிக் கட்டுரையின் தரத்தைக் காட்டாது.