படப்பலகையும் வேற்றுமை உருபும்: பேச்சு வாய்க்காத குழந்தைகளுக்கான தொடர்புக் கருவிகளின் வரலாறு

பேச இயலாத குழந்தையின் முன் எத்தனை படங்கள் வைக்கப்படுகின்றன என்பது ஒரு வினா. அப்படங்களைக் கொண்டு அக்குழந்தை தொடர் அமைக்க முடிகிறதா என்பது மற்றொரு வினா. தொடர்புக் கருவிகள் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முதல் வினாவோடு நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை இரண்டாவதைப் பின்தொடர்கிறது.

கனடாவின் டொரன்டோ நகரில் மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கான மையமொன்றில், 1971க்கு முன் படப்பலகைகளே பயன்பட்டன. உணவு, தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றைச் சுட்டிக் காட்டலாம், அதாவது, கேட்கலாம். நேற்று நடந்ததைச் சொல்லவோ, ஒன்றை மறுத்துரைக்கவோ வழியில்லை. அங்குப் பணியாற்றிய ஆசிரியர் சர்லி மெக்நாட்டனும் அவருடைய குழுவினரும் 1971இல் சார்லசு பிளிசு உருவாக்கிய குறியீட்டு முறையைக் கண்டெடுத்தனர். பிளிசு 1897இல் செர்னோவிட்சு நகரில் பிறந்த யூதர். நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்டு, சாங்காயில் சீன எழுத்துகளைக் கண்டு, ஆத்திரேலியாவில் குடியேறி, 1949இல் தம் முறையை நூலாக்கியவர். உலக மக்களிடையே பகைமை ஒழிய ஒரு பொது எழுத்து வேண்டும் என்பதே அவர் நோக்கம். குழந்தைகளை அவர் எண்ணியிருக்கவில்லை.

ஆயினும் குழந்தைகளுக்குத் தேவையானது அதில் இருந்தது. குறியீட்டின் மேல் இடப்படும் சிறு அடையாளம் அதனை வினையாக்கும். வேறோர் அடையாளம் இறந்தகாலம் காட்டும். மற்றொன்று பன்மை காட்டும். குறியீடுகளை இணைத்துப் பலகையில் இல்லாத சொல்லையும் ஆக்கலாம். குழந்தைக்குக் கிடைத்தது சொற்பட்டியல் அன்று, இலக்கணம். ஆசிரியர்கள் தம் தேவைக்கேற்பக் குறியீடுகளை மாற்றியபோது பிளிசு கடுமையாக எதிர்த்தார். 1982இல்தான் அப்பூசல் உடன்படிக்கையில் முடிந்தது. மொழியைப் படைத்தவனுக்கும் அதனைப் பேசுபவனுக்கும் இடையிலான பழைய வழக்கு அது.

பலகைக்கு ஒரு குறை உண்டு. கேட்பவர் அருகிலிருந்து அதனைப் பார்த்தாக வேண்டும். 1970களின் இறுதியில் வந்த குரல் எழுப்பும் மின்னணுக் கருவிகளே, முதுகு காட்டி நிற்பவரையும் குழந்தை அழைக்கும் நிலையைத் தந்தன. விலையோ மிகுதி, மொழியோ ஆங்கிலம்.

இந்தியச் சூழலில் இவ்விரு தடைகளையும் எதிர்கொண்ட முயற்சிகளுள் ஒன்று, சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ். அயல்நாட்டுக் கருவிகளை விடப் பன்மடங்கு குறைந்த விலையில் வந்த அது, 2010ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றது. ஆட்டிசம் உடைய குழந்தைகள் படங்களை எளிதில் கையாண்டும் தொடரமைப்பில் தடுமாறுவதைக் கண்ட அவர், 2013இல் வேறொரு வழியை முன்வைத்தார். சொற்களை வரிசையில் அடுக்காமல், வினையை நடுவே வைத்து, யார், எதை, யாருக்கு, எப்போது என்னும் வினாக்களால் பிற படங்களை அதனோடு இணைக்கும் வரைபடம் அது. தமிழாய்வாளர் இதில் தொல்காப்பியரின் வேற்றுமைக் கோட்பாட்டை நினைவுகூராமல் இருத்தல் அரிது. அவர் அதிலிருந்து பெற்றார் என்பது இதன் பொருளன்று. உறவுகளே தொடரை ஆக்குகின்றன என்னும் பார்வை பொதுவானது.

தமிழுக்கு இப்பார்வை இன்றியமையாதது. ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல்லின் இடமே பெரிதும் உணர்த்திவிடும்; படங்களை அடுக்கினாலும் பொருள் தேறும். தமிழில் அவ்வேலையை உருபு செய்கிறது. அவ்வுருபும் தனித்து ஒட்டாது: மரம் 'மரத்தை' ஆகும், வீடு 'வீட்டுக்கு' ஆகும். ஆங்கிலப் பலகையின் படங்களுக்குக் கீழே தமிழ்ச் சொற்களை எழுதிவிடுவதால் தமிழ்ப் பலகை கிடைத்துவிடாது.

அழுதுகொண்டிருக்கும் குழந்தை 'அம்மா', 'அடி' என்னும் இரு படங்களைத் தொடுவதாகக் கொள்வோம். அம்மா அடித்தார், அம்மாவை யாரோ அடித்தார், அம்மாவுக்கு அடிபட்டது ஆகிய மூன்றும் அத்திரையில் ஒன்றே. கேட்பவர் ஒவ்வொன்றாகக் கேட்பார், குழந்தை தலையசைக்கும். அவருக்குத் தோன்றாத நான்காவது பொருளைச் சொல்ல அக்குழந்தையிடம் படம் இருக்கிறது, உருபு இல்லை.