முடிச்சு விழுந்த ஜீன்: புராஸ்டேட் கேன்சரின் குட்டி வரலாறு

1853-ல் லண்டன் ஹாஸ்பிட்டல் சர்ஜன் ஜான் ஆடம்ஸ், ஒரு புராஸ்டேட் கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றுநோய் என்று எழுதினார். ரொம்ப அபூர்வமான வியாதி என்றும் சேர்த்து எழுதினார். இன்னைக்கு உலக அளவில் ஆண்களுக்கு வர்ற புற்றுநோய்களில் நுரையீரலுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். ஆயுசு கூடினது ஒரு காரணம்.

ஜீனில் எழுத்து மாறினா கேன்சர்னு படிச்சிருப்பீங்க. 1983-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஃபைன்பெர்க், வோகல்ஸ்டைன் இருவரும் வேறொண்ணைக் காட்டினாங்க. டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற குட்டி வேதிக்குறிகளும் கேன்சர் செல்லில் மாறியிருந்தது.

சுங்குடிச் சேலை தெரியுமில்லீங்களா? முடிச்சு போட்ட இடத்தில் சாயம் ஏறாது. நூல் அறுந்திருக்காது. மெத்திலேஷனும் அப்படித்தான். ஜீனின் தொடக்கத்தில் இந்தக் குறிகள் நெருக்கமா விழுந்தா, செல்லால் அதைப் படிக்க முடியாது. எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும். செல் ரெண்டாப் பிரியும்போது முடிச்சும் சேர்ந்தே நகலாகும். அதுதான் வில்லங்கம்.

1994. அதே ஹாப்கின்ஸில் வில்லியம் நெல்சன் குழு, செல்லுக்குள் நச்சை முறிக்கிற ஜிஎஸ்டிபி1 என்ற என்சைமைத் தேடினாங்க. 91 புராஸ்டேட் புற்றுக்கட்டிகளில் 88-ல் அது காணோம்! ஜீன் இருக்கு, மேலே முடிச்சு.

அதே வருஷம்தான் அமெரிக்க எஃப்டிஏ, பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையைக் கேன்சர் கண்டறியவும் அனுமதிச்சது. பிஎஸ்ஏ சாதாரண வயசான வீக்கத்திலும் ஏறும். ஜிஎஸ்டிபி1 முடிச்சு அதில் பெரும்பாலும் இருக்காது.

தமிழ்ப் பேர் ஒண்ணும் இந்த வரலாற்றில் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழு 2002-ல், பரவிய புராஸ்டேட் கேன்சரில் இஇசட்எச்2 அதிகமா இருக்குன்னு கண்டுபிடிச்சது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதத்தில் மெத்தில் ஒட்டுறது அதன் வேலை.

முடிச்சை அவிழ்க்கும் மருந்து? இருக்கு. அசாசைட்டிடின், 2004-ல் எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அனுமதி கிடைச்சது. புராஸ்டேட்டுக்கு அது வழக்கமான சிகிச்சையா ஆகல.

கொமரலிங்கம், உடுமலைப் பக்கம் பெரியவங்க கேட்பாங்க: "ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாத்ததுல ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே, மறுபடி எதுக்குங்க வரச்சொல்றீங்க?" நியாயமான கேள்வி. பயாப்சியில் பொதுவா 12 சின்னத் துண்டுதான் எடுப்போம். கட்டி பக்கத்துலயே இருந்து ஊசிக்குத் தப்பலாம். ஆனா அதைச் சுற்றி நல்லாத் தெரியுற திசுவிலும் முடிச்சு விழுந்திருக்கலாம். அதை வெச்சு ஜிஎஸ்டிபி1, ஏபிசி, ராஸ்எஃப்1 மூணையும் பார்க்கும் டெஸ்ட் வெளிநாட்டில் வந்திருக்கு. நம்ம பக்கம் எம்ஆர்ஐயும் பிஎஸ்ஏவும்தான் துணை. பிஎஸ்ஏ ஏறிக்கிட்டே போனா, பழைய பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு யூராலஜிஸ்ட்டைப் பாருங்க.