பாய்மரமும் கயிறுகளும் பழுதுபார்த்தல் (பழைய சிறு பாய்ப்படகு)

பழைய சிறு பாய்ப்படகின் பாய்மரத்தையும், அதைச் சாயாமல் பிடிக்கும் கம்பிகளையும், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளையும் சோதித்துச் சீர்செய்து மறுபடி நிறுத்தும் வேலையில் தச்சு, உலோக வேலை, கயிறு பின்னுதல் ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1940-களிலிருந்து 1980-கள் வரை பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்ட 3 முதல் 8 மீட்டர் நீளப் படகுகள் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் உடல் பெரும்பாலும் பாய்மரத்தையும் கம்பிகளையும் விட நீண்ட ஆயுள் கொண்டது. அதனால் இந்தப் பழுதுபார்ப்பு அத்தகைய படகு எதற்கும் என்றாவது ஒருநாள் தேவைப்படுகிறது.

ஸ்வீடனில் 1942-இல் முதன்முதலாகக் கட்டப்பட்ட நார்டிக் ஃபோக்போட், பிரிட்டனில் 1963-இல் அறிமுகமான மிரர் ஆகிய இரண்டும் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். ஃபோக்போட் ஏழரை மீட்டருக்குச் சற்றே மேல் நீளம். உயரமான மரப் பாய்மரம் கொண்டது. மிரர் 3.3 மீட்டர் நீளமே உள்ள பிளைவுட் படகு. ஜாக் ஹோல்ட் வடிவமைக்க, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்ற பாரி பக்னெல் அதன் எளிய கட்டுமுறையை வகுத்தார். வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் தொகுப்பாக விற்கப்பட்ட அது 70,000-க்கும் மேல் பெருகியது. அதன் பாய்மரம் குட்டையானது. பாயின் மேற்பகுதியைத் தாங்கும் பருமல் ஒன்று பாய்மரத்தை ஒட்டி மேலே செங்குத்தாக ஏறி நிற்கும். இறக்கிவிட்டால் மரங்கள் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். பருமலின் அடியில் பாய்மரத்தைக் கவ்வும் மரத்தாடை உண்டு. அது உரசும் இடத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் கறுப்பது மிரர் உரிமையாளர்கள் முதலில் காணும் பழுது.

பாய்மரத்தை நிறுத்துபவை நிலைக்கயிறுகள். மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் வேலையே இவற்றுக்கும். படகின் முன்முனையான அணியத்துக்கு ஓடுவது முன் ஸ்டே. இருபுறமும் படகின் விளிம்புக்கு இறங்குபவை பக்க ஸ்டேக்கள். சற்றுப் பெரிய படகுகளில் பின்னணியத்துக்கும் ஒன்று உண்டு. பாயை மேலே இழுக்கும் ஏற்றுக்கயிறும், காற்றுக்கேற்பப் பாயை இழுத்தும் விட்டும் பிடிக்கும் தாமான் கயிறும் ஓடுகயிறுகள். காற்று பாயைத் தள்ளும்போது காற்று வரும் பக்கத்து ஸ்டே முறுக்கேறி இழுக்க, அந்த இழுவையின் பெரும்பகுதி பாய்மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. எனவே பாய்மரம் வளைவைத் தாங்கும் தண்டு மட்டுமல்ல, அழுத்தத்தைத் தாங்கும் தூணும் ஆகும்.

இந்த அமைப்பு ஒரு சங்கிலி. ஸ்டேயின் முனையைப் பூட்டும் ஊசியளவுப் பின் ஒன்று கழன்றாலும் ஸ்டே விடுபடும். ஸ்டே விடுபட்டால் சில நொடிகளில் பாய்மரம் விழும். நீளமான கம்பியும் உயரமான மரமும் நடுவில் உடைவது அரிது. உலோகம் மரத்தைத் தொடும் இடம், கம்பி முனைக்குள் நுழையும் இடம், தண்ணீர் வெளியேற வழியின்றித் தங்கும் இடம் ஆகியவற்றில்தான் பழுது தொடங்குகிறது. சோதனைக்காகப் பாய்மரத்தை இறக்கி, இரண்டு மூன்று தாங்கிகளில் படுக்கவைத்து, எல்லாப் பொருத்துகளையும் கழற்றுவது இதனால்தான். நிற்கும் பாய்மரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து நல்லது என்று முடிவு கட்டுவது சோதனை ஆகாது. இறக்கும்போதும் ஏற்றும்போதும் தலைக்கு மேல் மின்கம்பி உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போனதுண்டு. இறக்குவதற்கு முன் ஒவ்வொரு ஸ்டேயின் நீளத்தையும் பின்னிலிருந்து பின் வரை அளந்து, சீட்டுக் கட்டி, நிழற்படமும் எடுத்து வைத்தால் பின்னால் குழப்பம் இராது.

மரப் பாய்மரம்

இப்படகுகளின் பாய்மரங்களுக்கு மிகவும் விரும்பப்பட்டது சிட்கா ஸ்ப்ரூஸ் மரம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் இது எடைக்கு மீறிய வலுவும், நீண்டு நேராக ஓடும் நாரும், குறைந்த முடிச்சுகளும் கொண்டது. ஆனால் எளிதில் உளுக்கும். டக்ளஸ் ஃபர் அதைவிடக் கனமானது, சற்று உறுதியானது. சிறு படகுகளில் ஒரே கட்டையைச் செதுக்கிய பாய்மரமும் உண்டு, நான்கு பலகைகளைப் பெட்டிபோல் ஒட்டிய உள்ளீடற்ற பாய்மரமும் உண்டு.

மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சை. உப்புநீரை விட மழைநீரே அதற்கு உகந்தது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அது வேரூன்றும். ஆகவே கடலில் ஓடிய பாய்மரத்தை விட, திறந்தவெளியில் மழையில் கிடந்த பாய்மரமே அதிகம் சந்தேகத்துக்குரியது. பார்க்க வேண்டிய இடங்கள்: பாய்மரத்தின் அடிநாக்கு, உச்சியில் கப்பிச் சக்கரம் ஓடும் துளை, பக்க ஸ்டேக்களை விலக்கிப் பிடிக்கும் குறுக்குத் தண்டுகள் பொருந்தும் இடம், ஒவ்வொரு திருகாணியின் சுற்றுப்புறம். வார்னிஷுக்கு அடியில் கறுத்த திட்டு தெரிந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். கறுப்பெல்லாம் உளுப்பல்ல, குத்தூசியால் குத்திப் பார்த்து, நார் முறிந்து தூளாக வந்தால்தான் உளுப்பு. நல்ல மரத்தில் ஊசி எதிர்த்து நிற்கும், எடுத்த சிம்பு நீளமாக வரும். கொட்டாப்புளியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் உளுத்த மரம் மந்தமாகவும் ஒலிக்கும்.

வெடிப்புகளில் இரண்டு வகை உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் நல்ல பாய்மரத்தைத் தூக்கி எறிவார்கள், கெட்டதை வைத்துக்கொள்வார்கள். நாரோட்டத்தின் வழியே நீளவாக்கில் ஓடும் வெடிப்பு, ஒரே கட்டையாலான பாய்மரத்தில் மரம் உலர்வதால் வருவது. பார்க்க அச்சுறுத்தினாலும் பெரும்பாலும் தீங்கற்றது. அதைக் கெட்டியான மக்கால் அடைப்பது தவறு. மழைக்காலத்தில் மரம் ஊதும்போது கெட்டிமக்கு ஆப்பாக மாறி வெடிப்பை இன்னும் பிளக்கும். தேன்மெழுகு கலந்த இளகிய பூச்சே போதும். இதற்கு மாறாக நாருக்குக் குறுக்கே மயிரிழைபோல ஓடும் கோடு, மரம் என்றோ அழுத்தத்தில் நசுங்கியதன் தடம். வார்னிஷுக்கடியில் மங்கிய சுருக்கமாக மட்டுமே தெரியலாம். அந்த இடத்தில் பாய்மரம் ஏற்கெனவே பாதி உடைந்தது. வெட்டி நீக்கிப் புது மரம் இணைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

புது மரத்தைச் சாய்வெட்டில் இணைப்பார்கள். இரு முனைகளையும் நீண்ட சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டுவதே சாய்வெட்டு. பாய்மரங்களுக்குச் சரிவின் நீளம் மரத்தின் கனத்தைப் போல் 12 மடங்கு என்பது பரவலான விதி. 5 செ.மீ. கனமுள்ள மரத்துக்கு 60 செ.மீ. சரிவு. செங்குத்தாக வெட்டி முட்டவைத்து ஒட்டினால் பசை நாரின் முனையைத்தான் பிடிக்கும், அது நிற்காது. சரிவு நீள நீள, ஒட்டுப் பரப்பு நாரின் பக்கவாட்டுக்கு மாறுகிறது. இழைப்புளியைத் தீட்டி இரு சரிவுகளும் வெளிச்சம் புகாதபடி பொருந்தும்வரை சீவ வேண்டும். இணைக்கும் மரம் அதே இனமாக, நாரும் அதே திசையில் ஓடுவதாக இருக்க வேண்டும்.

பழைய பாய்மரங்களின் ஒட்டு விடுவதற்குக் காரணம் அன்றைய பசைகள். பால்புரதத்திலிருந்து எடுத்த கேசீன் பசை ஈரத்தில் நாளடைவில் இற்றுப்போகும். யூரியா ஃபார்மால்டிஹைடு பசை சற்று மேல். ரிசார்சினால் பசை உண்மையிலேயே நீர் தாங்கும். இணைப்பில் கருஞ்சிவப்புக் கோடாகத் தெரிவதால் அதை அடையாளம் காணலாம். ஆனால் பொருத்தம் மிக நெருக்கமாகவும் அழுத்தம் பலமாகவும் இருந்தால்தான் அது பிடிக்கும். இன்று எப்பாக்சியே வழக்கம். சிறு இடைவெளிகளை நிரப்பும், லேசான அழுத்தம் போதும்; கிளாம்ப்பை இறுக்கிப் பசை முழுவதையும் பிதுக்கி வெளியேற்றுவதுதான் அதில் நடக்கும் பொதுவான கேடு. எப்பாக்சி கடும் வெப்பத்தில் இளகும் என்பதால் அதனால் ஒட்டிய பாய்மரத்துக்குக் கருநிறம் பூசுவதில்லை.

ஒட்டு காய்ந்தபின் வார்னிஷ். வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பைச் சிதைத்து வார்னிஷின் பிடியை விடுவிக்கிறது. முதல் பூச்சை நீர்க்கக் கலந்து மரம் குடிக்கும்படி பூசி, பிறகு உப்புத்தாள் போட்டுப் போட்டு ஐந்தாறு பூச்சு ஏற்றுவார்கள். திருகாணித் துளைகளின் உட்புறத்தையும் அடிநாக்கின் முனையையும் பூசாமல் விட்டால் மேற்பரப்பின் பளபளப்பால் பயனில்லை. உள்ளீடற்ற பாய்மரத்தின் அடியில் நீர் வடியும் துளை அடைபடாமல் இருக்க வேண்டும்.

பாய்மரத்தின் அடி அமரும் குழியைப் படகின் உடலோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மேல்தளத்தில் பாய்மரம் நிற்கும் கண்ணாடியிழைப் படகுகளில், தளத்தின் இரு அடுக்குகளுக்கு இடையே வைத்த பால்சா மரம் நனைந்து கூழாகி, அந்த இடம் பள்ளம் விழும். பிறகு எத்தனை முறை ஸ்டேயை இறுக்கினாலும் மறுநாள் தொய்ந்திருக்கும். பாய்மரத்தின் அடி அமரும் குழியில் நாணயம் வைப்பது பழைய வழக்கம். லண்டனில் தேம்ஸ் ஆற்றுப் படுகையில் 1962-இல் கண்டெடுத்த ரோமானியக் கால பிளாக்ஃப்ரையர்ஸ் படகின் பாய்மரக் குழியில் பேரரசர் டொமிஷியன் காலச் செப்பு நாணயம் ஒன்று இருந்தது. பழைய படகைப் பிரிப்பவர்கள் இன்றும் அங்கே காசு காண்பதுண்டு. வேறு உலோகம் ஈரத்தில் அலுமினியத்தைத் தின்னும் என்பதால் அலுமினியப் பாய்மரத்துக்கு இந்த வழக்கம் பொருந்தாது.

அலுமினியப் பாய்மரம்

அலுமினியம் உளுக்காது, ஆனால் அரிபடும். எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொட்டு, நடுவே உப்புநீர் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். திருகாணியைச் சுற்றி வெண்பொடி திரள்வதே அதன் அடையாளம். பொருத்துகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, இடையே காப்புப் பசையோ பிளாஸ்டிக் தகடோ வைத்துத் திரும்பப் பூட்டுவார்கள். அதிகம் கெடுவது அடிப்பகுதி. அரிபட்ட சில சென்டிமீட்டரை வெட்டி நீக்கி, அந்த உயரத்துக்கு அடியில் கட்டை கொடுத்தால் பாய்மரம் பழைய உயரத்தில் நிற்கும்.

குறுக்குத் தண்டுத் துளைகளிலிருந்து கிளம்பும் மயிரிழைக் கீறல்களைச் சாயம் ஊறவைத்துத் துடைக்கும் சோதனை காட்டிக்கொடுக்கும். அவற்றின்மேல் வெல்டிங் வைப்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. ஆனால் பாய்மரத்தின் வலு வெப்பப் பதனத்தால் வந்தது, வெல்டிங் சூடு சுற்றுப்புறத்தில் அந்தப் பதனத்தைப் போக்கிவிடும். உள்ளே குழாய்த் துண்டைச் செருகி ரிவெட் அடித்து வலுவூட்டுவதே நல்லது. ஒருமுறை மடங்கிய பாய்மரத்தை நிமிர்த்தி ஓட்டுவதில் பொருளில்லை.

நிலைக்கயிறுகள்

பழைய படகுகளில் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பி இருந்தது. அது செந்துரு பிடித்து, வெளிப்படையாகவே தன் முதுமையைச் சொல்லிவிடும். துருப்பிடிக்காத எஃகு அப்படி எச்சரிப்பதில்லை. உப்பும் ஈரமும் உண்டு, காற்று இல்லை என்ற இடுக்கில், அதன் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் புதுப்பிக்கப்படாமல் உள்ளேயே அரிப்பு ஓடும். கம்பி முனையை நசுக்கிப் பொருத்திய எஃகுக் குழல் இத்தகைய இடுக்கு. ஸ்டேயின் கீழ்முனையில் இந்தக் குழலின் வாய் மேல்நோக்கி இருப்பதால் கம்பி வழியே வழியும் நீர் அதில் இறங்கித் தங்கும். மேல்முனையை விடக் கீழ்முனை முதலில் போவதற்கு இதுவே காரணம். ஸ்டேயைப் படகின் உடலோடு இணைக்கும் பட்டைத்தகடும் மேல்தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் அப்படியே அரிபடும். கழற்றி எடுத்தால் ஒழிய அது தெரியாது.

சிறு படகுகளின் ஸ்டேக்கு வழக்கமானது 19 இழைகளை ஒரே முறுக்காக்கிய விறைத்த கம்பி. சோதிக்கும்போது வெறுங்கையால் தடவக் கூடாது. பஞ்சையோ துணியையோ வைத்து நீள உருவினால் அறுந்த இழை அதில் மாட்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த ஸ்டேயை மாற்ற வேண்டும். ஒரே காலத்தில் போட்ட மற்றவையும் அதே நிலையை நெருங்கியிருக்கும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். குழலில் விரிசல், குழல் வாயில் பழுப்புக் கறை, வாழைப்பழம்போல் வளைந்த குழல் ஆகியவையும் அதே முடிவுக்கே கொண்டுசெல்லும். வெளியே குறை தெரியாவிட்டாலும் 10 முதல் 15 ஆண்டுகளில் மாற்றுவது பரவலான நடைமுறை.

குழலை நசுக்கிப் பொருத்தும் எந்திரம் பட்டறைகளில்தான் இருக்கும். கைக்கருவியால் பூட்டக்கூடிய முனைகளும் உண்டு: கம்பியின் வெளி இழைகளைப் பிரித்து, நடு இழைகளின் மேல் சிறு கூம்பைச் செருகி, மேலே திருகிப் பூட்டுவது. விலை அதிகம், ஆனால் திறந்து பார்க்கலாம், கூம்பை மட்டும் மாற்றி மறுபடி பயன்படுத்தலாம். மிரர் போன்ற சிறு படகுகளுக்குக் கம்பியை உலோக வளையத்தில் சுற்றிச் செப்பு உறையை நசுக்கிக் கண் கட்டுவதே போதும்.

கீழ்முனையில் இழுவிசையைச் சரிசெய்வது டர்ன்பக்கிள். எஃகுத் திருகு எஃகு மரையில் ஓடினால் இறுகிக் கடித்துக்கொள்ளும். வெண்கல உடல் கொண்டது அப்படிச் சிக்காது; எதுவாயினும் கம்பளிக்கொழுப்பு தடவ வேண்டும். ஸ்டே எந்தப் பக்கம் ஆடினாலும் டர்ன்பக்கிள் வளையாமல் இருக்க அதன் அடியில் இருதிசை மடங்கும் மூட்டு தேவை. பின் கழலாமலும் டர்ன்பக்கிள் தானே திரும்பாமலும் தடுப்பது காட்டர் பின். அமைப்பில் இதைவிட மலிவான உறுப்பு இல்லை. பாய்மரங்கள் விழுவதற்கு அது விடுபட்டதே காரணமாவதும் உண்டு. அதன் கால்களைச் சற்றே விரித்து, பாயைக் கிழிக்காதபடி நாடா சுற்றுவார்கள்.

அண்மைக் காலத்தில் சிறு படகுகளில் எஃகுக்குப் பதிலாக டைனீமா எனும் பாலிஎத்திலீன் இழைக்கயிறும் வருகிறது. எடைக்கு எடை எஃகை விட வலுவானது. முனையைக் கயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பின்னிக் கண் செய்யலாம். நுழைக்கும் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல் சுமார் 72 மடங்கு. முடிச்சுப் போட்டால் வலு பாதிக்கும் கீழே இறங்கும். தொடர்ந்த இழுவையில் சிறிது சிறிதாக நீளும் இயல்பு அதன் குறை. கூரான விளிம்பில் உரசவும் விடக்கூடாது.

ஓடுகயிறுகளில் சிக்கல் குறைவு. ஏற்றுக்கயிற்றுக்கு நீட்சி குறைந்த பாலியெஸ்டர் ஏற்றது. நைலான் நீளும் என்பதால் பாய் தொய்யும். கயிற்றை மாற்றும்போது உச்சிக் கப்பியையும் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலாத கப்பி புதுக்கயிற்றை விரைவில் அறுக்கும். உள்ளீடற்ற பாய்மரத்தில் பழைய கயிற்றின் முனையில் புதியதைத் தைத்து இழுத்தால் வழி தவறாது.

நிறுத்தி இறுக்குதல்

பாய்மரத்தை நிறுத்தியபின் முதலில் அது நேராக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்றுக்கயிற்றின் முனையை இடப்புற விளிம்பிலும் வலப்புற விளிம்பிலும் ஒரே இடத்தில் தொட்டு அளந்தால் பக்கச் சாய்வு தெரியும். அதே கயிற்றில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டால் பின்சாய்வு தெரியும். சிறிது பின்சாய்வு பெரும்பாலான படகுகளுக்கு வடிவமைப்பிலேயே உண்டு. சுக்கான் கையில் ஓயாமல் இழுத்தால் பின்சாய்வைக் குறைத்துப் பார்ப்பது வழக்கம்.

இரு பக்க ஸ்டேக்களையும் மாறி மாறி, ஒரே எண்ணிக்கைச் சுற்றுகளாக இறுக்க வேண்டும். பழைய மரப் படகை வீணைத்தந்திபோல் முறுக்கினால் பாய்மரம் படகின் அடிமரமான ஏராவைக் கீழே தள்ள, ஸ்டேக்கள் விளிம்புகளை மேலே இழுக்க, அடிப்பலகை இணைப்புகள் வாய்திறந்து நீர் புகும். மிதமான காற்றில் ஓட்டி, காற்று படாத பக்கத்து ஸ்டே சற்றே தளர்ந்தும் ஆனால் தொங்காமலும் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல். அப்போது பாய்மரத்தின் பின்புறக் காடியோடு கண்ணை வைத்து மேலே நோக்கினால் அது எங்கே வளைகிறது என்பதும் தெரியும். புதுக்கம்பி முதல் சில ஓட்டங்களில் முறுக்கமர்ந்து நீளும் என்பதால் மறுபடி இறுக்கி, அதன் பிறகே காட்டர் பின்களை நிலையாக மடக்க வேண்டும்.