கையெழுத்தில்லா உயில்

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிங்கப்பெருமாள் கோயில். பாடலாத்திரி நரசிம்மரைத் தரிசிக்கச் செல்வோர் அவ்வூரை நன்கு அறிவர். அவ்வூருக்கும் சென்னை நகருக்கும் இடையே சட்டம் இட்ட கோடொன்று 56 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது என்பதைச் சிலரே அறிவர்.

உயில் என்னும் சொல்லே ஆங்கிலம் தந்தது. பழைய தர்மசாஸ்திர நூல்களில் அதற்கு இடமில்லை. வழக்கத்தில் அது வேரூன்றிய பின்னரும், இந்துக்களின் உயிலுக்கு இன்ன வடிவம் வேண்டுமென்ற விதி நெடுங்காலம் ஏற்படவில்லை. கையொப்பம் வேண்டுவதில்லை, சாட்சி வேண்டுவதில்லை, வாயால் உரைத்ததும் உயிலே. 1870 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்து உயில்கள் சட்டம் கையொப்பத்தையும் இரு சாட்சிகளையும் கட்டாயமாக்கிற்று. ஆயினும் நம் மாகாணத்தில் அது சென்னை நகர எல்லையோடு நின்றுவிட்டது.

மாணவர்களே, இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சுயார்ச்சிதமாக அவருக்கு அங்கே நன்செயும் மயிலாப்பூரில் ஒரு வீடும் உண்டு. இரண்டையும் தம் மகளுக்கென்று ஒரு தாளில் எழுதிவைத்து, கையொப்பமிடாமலே காலமாகிறார். நகரத்து நிலபுலன்களைப் பொறுத்தவரை, உயில் வெளியூரில் எழுதப்பட்டிருப்பினும் 1870ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டும். ஆகவே வீட்டுக்கு அத்தாள் வெறுங் காகிதம். வயலுக்கோ அது உயிராகவே இருக்கும்!

ஆனால் வயலும் எளிதில் கிட்டாது. அது அவருடைய முடிந்த முடிபுதான் என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். வாய்மொழி உயிலாயின் துன்பம் இன்னும் பெரிது. இறந்தவர் கூறிய சொற்களையும், கூறிய காலத்தையும் இடத்தையும் பிசகின்றி நிறுவ வேண்டுமென்று ஹன்சாபூர் ஜமீன் வழக்கில் 1867இல் இலண்டன் பிரிவி கவுன்சில் விதித்தது. மரணப் படுக்கையருகே அழுதுகொண்டிருந்தவர்கள் ஆண்டுகள் பல கழித்துக் கூண்டில் ஏறி, ஒவ்வொரு சொல்லையும் ஒப்பிக்க வேண்டும். பணமுள்ள பங்காளிக்குச் சாட்சி கிடைப்பது அரிதன்று, கைம்பெண்ணுக்கு அரிது. விதி தளர்ந்திருந்தது எளியோருக்கு நன்மையாயிற்று என்று நான் கருதவில்லை.

1927 ஜனவரி 1ஆம் நாள் அக்கோடு அழிந்தது. அன்று முதல் இந்துக்கள் எவ்வூரில் எழுதும் உயிலுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு பொருந்தலாயிற்று. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமோ 1975இல் வேறு வழி சென்றது. இறந்தவரின் கருத்து ஐயமற விளங்குமாயின், முறை தவறிய உயிலையும் ஏற்க அங்கே நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தனர். நம் நீதிபதிகளுக்கு அவ்வதிகாரம் இல்லை.

எனினும் எழுத்தறியாதாரை 63ஆம் பிரிவு கைவிடவில்லை. அவர் ஒரு குறி இட்டாற் போதும். அல்லது அவர் பணிக்க, அவர் முன்னிலையில் பிறர் கையொப்பமிடலாம். இம்முறை நமக்குப் புதியதன்று. எழுதத் தெரியாதவர் ஆவணத்தில் இடும் குறிக்கு முன்னோர் இட்ட பெயர் தற்குறி. அதற்குச் சான்றாக மற்றொருவர் எழுதுவதைத் தற்குறி மாட்டெறிதல் என்றனர். இன்று நாம் வசையாக வழங்கும் சொல் அதுவே.